மாசியிலேயே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்

கேள்வி: மதுரை வில்லாபுரத்தில், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி வைத்திருக்கிறோம். போன சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்தபோது உள்ளே தண்ணீர் ஒழுகியது, குளிரும் இல்லை. ஐந்து நாள் கழித்து வந்த மெக்கானிக் கேஸ் போட்டுவிட்டுப் போனார். இந்த வருடம் சர்வீஸை எப்போது செய்வது?

பதில்: மாசியில் முடித்துவிடுங்கள். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை நல்ல சமயம். அக்னி நட்சத்திரம் மே மாதம்தான் என்றாலும், நம்மூரில் பங்குனியிலேயே அனல் அடிக்கும். அப்போது ஊரே மெக்கானிக்குக்குப் போன் போடும். வருகிறவரும் ஃபில்டரைத் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார். மாசியில் ஏதாவது பாகம் மாற்ற வேண்டியிருந்தாலும் அவகாசம் உண்டு. ஆனால் மதிய நேரமாகப் பார்த்து வரச் சொல்லுங்கள். காலைக் குளிரில் சுமாரான ஏசியும் நன்றாக ஓடுவதுபோலத் தெரியும்.

இனி அந்த ஒழுகல். பெரும்பாலும் டிரெயின் குழாயில் பாசியும் அழுக்கும் அடைத்திருக்கும். காற்றைக் குளிர வைக்கும் உள் குழாய்ச் சுருளான காயிலில் தூசி ஏறிக் காற்றோட்டம் குறைந்தால் ஐஸ் கட்டும். அது உருகினாலும் ஒழுகும், குளிரும் போய்விடும். கேஸ் குறைந்தாலும் இதே ஐஸ்தான். அதனால்தான் முதலில் கழுவிப் பார்க்காமல் கேஸ் போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஸ்கூட்டர் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருளா அது? குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். அப்புறம் வேக்குவம் இழுத்து, அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றை பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்து, அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் எடைக்குத் தராசு வைத்து நிரப்ப வேண்டும். போன வருடம் இதெல்லாம் நடக்கவில்லை என்றால், போட்ட கேஸ் இந்நேரம் மறுபடி குறைந்திருக்கலாம்.

சர்வீஸ் என்றால் ஜெட் பம்ப் வைத்து உள்ளே காயில், காற்றை ஊதும் புளோயர், வெளியே சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் மூன்றையும் கழுவ வேண்டும். போர் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும். நல்ல தண்ணீர் மூன்று குடம் பிடித்து வையுங்கள். வயர் முனைகளையும், மோட்டார் கிளம்ப உதவும் கெப்பாசிட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். (அவுட்டோர் யூனிட் மேல் வற்றல் காயப் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.)

முடிந்ததும் கால் மணி நேரம் ஓடவிட்டு, ஏசி இழுக்கும் காற்றையும் விடும் காற்றையும் தெர்மாமீட்டரில் பாருங்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் சரி, பணத்தைக் கொடுத்து அனுப்பலாம்.