நூலகச் சுவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் மகளோடு தஞ்சாவூர் அரண்மனைக்குப் போயிருந்தேன். சரஸ்வதி மகால் நூலகத்தைக் காட்டத்தான் கூட்டிப்போனேன். அவளோ தர்பார் மண்டபத்தை விட்டு நகரவில்லை. தூண்களையும் வளைவுகளையும் அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். இப்போது எங்கள் ஊர்ப் பழைய நூலகத்தில் மராமத்து தொடங்கப்போகிறது. உதிரும் சுவருக்கு சிமெண்ட் பூச்சு, தரைக்கு டைல்ஸ், மேலே ஃபால்ஸ் சீலிங். "நம்ம நூலகச் சுவர்ல இருக்கிற அந்தப் பூவேலையை உடைச்சிடுவாங்களாம்மா?" என்று கேட்கிறாள். புத்தகங்கள் பத்திரமாக இருந்தால் போதாதா?

ஒரு வாசகி,
திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

போதாது. உங்கள் மகள் பார்த்ததும் நூலகத்தைச் சேர்ந்ததுதான்.

சரஸ்வதி மகால், நாயக்கர் காலத்தில் அரண்மனைக்குள் தொடங்கிய சுவடித் தொகுப்பு. மராத்தியர் காலத்தில், அதிலும் இரண்டாம் சரபோஜியின் காலத்தில் (1798–1832), பெரிதாக வளர்ந்தது. பொதுமக்களுக்கு என்று ஆனது 1918இல். அன்றும் இன்றும் அந்த ஏடுகளுக்கு வீடு அரண்மனை வளாகம்தான்.

அந்தத் தூண்களைத் தட்டிப் பார்த்தீர்களா? கல் அல்ல. டெல்டாவில் தோண்டினால் வண்டலும் களிமண்ணும் மணலும்தான் வரும். பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்துதான் வந்தது. அதனால் நம் கொத்தனார்கள் செங்கல்லையும் சுண்ணாம்பையும் வைத்தே எல்லாவற்றையும் செய்யப் பழகினார்கள். உள்ளே செங்கல், மேலே சுதை. சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுப் பதமாக்குவார்கள். ஈரம் காய்வதற்குள் கையாலும் கரண்டியாலும் இலை, கொடி, யாளி என்று எழுப்புவார்கள். மழமழப்பான சுவர் வேண்டுமென்றால் கடைசிப் பூச்சைக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். இதை ஒரு ஆள் ஒரு நாளில் எத்தனை அடி செய்திருப்பார் என்று நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றும்.

சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தை வாங்கிக்கொண்டு, தையில் வெயில் ஏறியதும் திருப்பி விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும், உப்பு பூக்கும், சில வருஷத்தில் பூச்சு பழைய சுதையையும் பிய்த்துக்கொண்டு விழும். அந்த ஈரம் பக்கத்து அலமாரிக்கும் போகும். ஆகவே புத்தகம் வேறு, சுவர் வேறு என்று பிரிக்க முடியாது.

நான் படித்து வளர்ந்த நூலகம் ஒன்று உண்டு, இதே டெல்டாவில். மெட்ராஸ் டெரஸ் கட்டடம், அதாவது தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை. கதவுக்கு மேலே அரைவட்ட வென்டிலேட்டரில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி. மூணு மணிக்கு அந்தச் சிவப்பு வெளிச்சம் தினசரிகள் கிடக்கும் மேஜையில் விழும். பிறகு ஒரு மராமத்தில் ஃபால்ஸ் சீலிங் போட்டு வென்டிலேட்டரை அடைத்துவிட்டார்கள். உத்திரத்தில் கரையான் ஏறியது யார் கண்ணுக்கும் படவில்லை. தெரிந்தபோது பாதி அறையைப் பூட்ட வேண்டியதாயிற்று. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

உங்கள் ஊரில் இன்னும் வேலை தொடங்கவில்லை அல்லவா? உடனே நூலகரைப் பாருங்கள். உதிரும் இடத்தில் மட்டும் சுண்ணாம்புப் பூச்சே போடச் சொல்லி மனு கொடுங்கள். ஆள் கிடையாது என்பார்கள். கோயில் திருப்பணியில் கோபுரச் சுதை வேலை பார்க்கும் ஸ்தபதிகளை விசாரித்தால் ஆள் கிடைக்கும். பெயிண்ட் அடிக்குமுன் ஒரு மூலையில் மெல்லச் சுரண்டினால் முதலில் இருந்த நிறம் தெரியும். தரை பழைய சிவப்புத் தரையாக இருந்தால் டைல்ஸே வேண்டாம். மெழுகு போட்டுத் துடைத்தால் போதும்.

அப்புறம், மகளிடம் ஒரு நோட்டும் டேப்பும் கொடுத்து அனுப்புங்கள். அந்தப் பூவேலையை அளவோடு அவள் வரைந்து வைக்கட்டும். நாளைக்கு ஒரு இலை உடைந்தால் கொத்தனார் கேட்கப்போவது அந்த நோட்டைத்தான்.

அன்புடன்.