கணவரின் மெட்போமின் குளிசையில் எனக்கும் பாதி போடலாமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: "எனக்கு 61 வயது. சீனி வருத்தம் இல்லை. கணவருக்கு இருக்கிறது, பல வருடமாக கிளினிக்கில் தரும் மெட்போமின் போடுகிறார். அது ஸ்டெம் செல்களுக்கு வயது போகாமல் பார்க்குமாம், நானும் பாதி போடட்டாம். கனடாவில் இருக்கும் மகன் சொல்கிறான். ரபமைசின் என்று இன்னொன்றும் அனுப்பப் போகிறானாம். போடலாமா?"

இரண்டும் வேண்டாம், டீச்சர். ஆனால் மகன் சொல்வது வெறும் புரளியும் இல்லை.

இரத்தம், தசை, தோல், குடல் என்று தேய்ந்துபோகும் இடங்களிலெல்லாம் புதுக் கலங்களை உண்டாக்க கொஞ்சம் குருத்துக் கலங்கள் ஒதுங்கி இருக்கின்றன. மகன் சொல்லும் ஸ்டெம் செல் இவைதான். விதைநெல் மாதிரி, தேவைக்கு மட்டும்தான் அதில் கைவைக்க வேண்டும். 'எம்டோர்' என்றொரு புரதம் உண்டு. சாப்பாடு தாராளமாக இருந்தால் "வளர், பிரி" என்று கலத்தை விரட்டும். கிழ எலிகளின் இரத்தக் குருத்துக் கலங்களில் இந்த விரட்டல் கூடிவிடுகிறது. ஓய்வில்லாத கலம் தன்னைப்போல் இன்னொன்றை உண்டாக்கும் திறனை இழக்கிறது.

ஈஸ்டர் தீவு மண்ணில் இருந்த ஒரு பக்டீரியாவிலிருந்து கிடைத்த ரபமைசின், எம்டோரை அடக்குகிறது. 2009இல் கிழ எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது இரத்தக் குருத்துக் கலங்கள் மீண்டும் ஒழுங்காக வேலை செய்தன. இன்புளுவன்சா தடுப்பூசியும் நன்றாகப் பிடித்தது. சரி, எலிக்கு நல்லது. மனிதருக்கு இது எதற்குக் கொடுக்கும் மருந்து தெரியுமா? மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் இருக்க. வாய்ப்புண் வரும், காயம் ஆறச் சுணங்கும், கொலஸ்ட்ரோல் ஏறும், சீனியும் ஏறலாம். சீனி இல்லாத ஆள் சீனியைக் கூட்டக்கூடிய மருந்தை இளமைக்காகப் போடுவது என்ன கணக்கு?

மெட்போமின் அவ்வளவு பொல்லாததில்லை. 2019இல் வயதான எலிகளின் மூளையில், நரம்புறையைச் செப்பனிடும் முன்னோடிக் கலங்களை (இவையும் குருத்துக் கலம் மாதிரித்தான்) அது திரும்பவும் வேலைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதே வருடம் மனிதரில் வந்த ஒரு முடிவுதான் உங்களுக்கு முக்கியம். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 14 வாரம் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். மெட்போமின் போட்டவர்களைவிட வெற்றுக் குளிசை போட்டவர்களுக்கே தசை கூட வளர்ந்தது. குளிசையை நம்பி நடை, பயிற்சியின் பலனைக் குறைத்துக்கொள்வதா? சுகமாக இருப்பவர்களின் முதுமையை இது தள்ளிப்போடுகிறதா என்று பார்க்க அமெரிக்காவில் 'டேம்' என்றொரு பெரிய ஆய்வைத் திட்டமிட்டார்கள். பணம் சேர்ப்பதே பெரும்பாடு. மலிவான பழைய குளிசைக்கு எந்தக் கம்பனி காசு போடும்?

களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையிலோ வேறெங்காவதோ வெறும் வயிற்றில் சீனி பார்த்துக்கொள்ளுங்கள். 100க்கும் 125க்கும் இடையில் நின்றால் கதை வேறு, அது சீனி வருத்தத்துக்கு முந்திய நிலை. அப்போது மெட்போமின் வேண்டுமா என்பதை, சிறுநீரகத்தையும் பார்த்துவிட்டு வைத்தியர் சொல்வார். அப்புறம், கணவரின் குளிசையில் பாதியை நீங்கள் எடுத்தால் அடுத்த கிளினிக் வரைக்கும் அவருக்குப் போதாமல் போகும்.

அவருக்கும் ஒரு விஷயம்: மெட்போமினை நெடுநாள் போட்டால் விட்டமின் பி12 குறையலாம். கால் விறைப்பு, உடம்பு அலுப்பு இருந்தால் அடுத்த முறை கிளினிக் கொப்பியோடு போகும்போது அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.