பேசுவது கேட்கிறது, சொல்தான் விளங்கவில்லை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எனக்கு 47 வயது. மகளுக்குப் பதினாறு, மகனுக்குப் பதினான்கு. அடுத்த மாதம் நடக்கும் மூன்று நாள் ராக் இசை விழாவுக்குப் போயே ஆக வேண்டும் என்று இருவரும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். மகளின் தோழி ஒருத்தியும் வருகிறாள். பெரியவர் ஒருவர் உடன் வந்தால்தான் இந்த வயதினரை உள்ளே விடுவார்களாம். அந்தப் பெரியவர் நான்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அதை இசை என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை, ஒரே இரைச்சல். பிள்ளைகளோடு ஒட்டியே நிற்க வேண்டுமா, தள்ளி நிற்கலாமா? மேடைக்கு முன்னால் இருக்கும் நெரிசலுக்குள் அவர்கள் போனால் தடுப்பதா? என் வயதுக்காரன் அங்கே என்ன உடுத்துவது? இப்போதைக்கு என் திட்டம், ஓர் ஓரமாக உட்கார்ந்து ஹெட்போன் மாட்டிக்கொண்டு எனக்குப் பிடித்த பழைய பாட்டுகளைக் கேட்டு மூன்று நாளையும் ஓட்டிவிடுவது. நீங்கள் மகளோடு இப்படி ஒரு விழாவுக்குப் போனதாக முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை முதல்முறை படித்தபோது எரிச்சல்தான் வந்தது. பதினாறு வயதுப் பெண், தோழியும் கூட இருக்கும்போது, அப்பா வரட்டும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள். அது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்தீர்களா? நீங்களோ அந்த மூன்று நாளை ‘ஓட்டிவிடுவது’ என்று எழுதுகிறீர்கள். தனக்கு உயிரான பாட்டு வரும்போது அவள் கட்டாயம் ஒருமுறை திரும்பி உங்களைப் பார்ப்பாள். அந்த நேரத்தில் நீங்கள் கண்ணை மூடி வேறு பாட்டில் இருந்தால் அவள் மனம் என்ன பாடுபடும்? ஹெட்போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. மேடைச் சத்தத்தை மீறி உங்கள் பாட்டு கேட்க வேண்டுமானால் ஹெட்போனில் எவ்வளவு கூட்டி வைக்க வேண்டியிருக்கும்? ‘தி ஹூ’ என்னும் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் தன் காது கெட்டுப்போனதை ஒளிக்காமல் பேசியவர். மேடையில் காதைப் பிளக்கும் சத்தத்துக்குப் பேர்போன குழு அது. ஆனாலும் அவர் பெரிதும் பழி சொன்னது ஒலிப்பதிவுக் கூடத்தில் மாட்டிக்கொண்டிருந்த ஹெட்போனைத்தான்.

காதைப் பற்றி நான் பல மாதங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பதில் எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

என் அப்பா போன ஆண்டு இறந்தார். பெரிய இயந்திரங்கள் ஓடும் கூடத்தில் 30 ஆண்டுகள் வேலை பார்த்தவர். அங்கே யாரும் காதில் எதையும் வைத்துக்கொண்டதில்லை, வைத்துக்கொள்ளச் சொன்னதும் இல்லை. ஐம்பது வயதுக்குள்ளேயே தொடங்கிவிட்டது. ‘காது கேட்கவில்லை’ என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ‘பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறீர்கள் என்றுதான் விளங்கவில்லை’ என்பார். பிடிவாதத்தில் சொல்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அது அப்பட்டமான உண்மை என்று பின்னாளில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். பெருஞ்சத்தத்தால் கெடும் காதில் மேல்சுருதிகள்தான் முதலில் போகும். உயிரெழுத்துகளின் முழக்கம் கேட்கும். ச, ஸ, ஃப போன்ற மெல்லிய ஒலிகள் உதிர்ந்துவிடும். சின்னப் பிள்ளைகளின் குரல் மேல்சுருதியில் இருப்பதால் அதுவும் கைவிட்டுப் போகும். என் மகள் மழலையில் அவரிடம் கதை கதையாகச் சொல்வாள். அவர் சிரித்துத் தலையாட்டுவார். ஒரு நாள் அவள் ‘தாத்தா, நான் கீழே விழுந்துட்டேன்’ என்று அழுதபடி சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் அவருக்கு அழுகை தெரிந்திருக்கும், ஆனால் அப்போது அவர் பார்வையும் மங்கியிருந்தது. ‘அப்படியா, ரொம்ப நல்லது’ என்று சிரித்தார். பிள்ளை அதற்குப் பிறகு அவரிடம் கதை சொல்லப் போனதேயில்லை. நாங்களும் சத்தமாகப் பேசி அலுத்து, மெல்ல மெல்ல அவரிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டோம். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

உட்செவியில் நத்தை ஓடு போல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் நுண்ணிய மயிரிழைகள் கொண்ட செல்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000. அவைதான் ஒலியை நரம்புக்குக் கடத்துகின்றன. தோல் கிழிந்தால் வளரும், எலும்பு முறிந்தால் கூடும். இந்தச் செல்கள் மனிதருக்கு ஒருமுறை போனால் போனதுதான். நாளுக்கு 8 மணி நேரம் என்றால், காதில் விழும் ஒலியின் அளவு 85 டெசிபெல்லுக்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, இப்படியே போனால் 100 டெசிபெல்லில் கால் மணி நேரம்தான். ராக் மேடைக்கு முன்னால் 100 என்பது வெகு சாதாரணம். இசை நிகழ்ச்சிகளில் சராசரி ஒலி 100-ஐத் தாண்டக் கூடாது, ரசிகர்களுக்குக் காதடைப்பான் கிடைக்க வேண்டும், காதுக்கு ஓய்வு தர அமைதியான ஓர் இடம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நெறிமுறையே வெளியிட்டிருக்கிறது. கால் மணி நேரக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, உங்கள் மகன் அங்கே நிற்கப்போகும் மூன்று நாளை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே காதடைப்பான் வாங்குங்கள். அந்தத் தோழிப் பெண்ணையும் சேர்த்து நால்வருக்கும், தொலைந்தால் மாற்ற இன்னும் இரண்டு ஜோடி. பஞ்சு உருண்டையைத் திணிப்பது வீண். நுரையால் ஆனதை விரல்களுக்கிடையே குச்சிபோல மெல்லியதாக உருட்டி, எதிர்க்கையால் தலைக்கு மேலாகக் காதைப் பிடித்து மேலும் பின்னும் இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் ஓரத்தில் செருகிக்கொண்டு ‘இதனால் ஒரு பயனும் இல்லை’ என்பார்கள். வீட்டிலேயே நான்கு நாள் பழக்குங்கள். ‘பாட்டு மங்கிவிடும்’ என்று பிள்ளைகள் சிணுங்கினால் அதிலும் நியாயம் உண்டு, நுரை மேல்சுருதியைக் கூடுதலாக விழுங்கும். இசைக்கலைஞர்களுக்கென்றே வருபவை எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், பாட்டு பாட்டாகவே கேட்கும். கையில் காசிருந்தால் அதையே வாங்குங்கள். முதலில் நீங்கள் மாட்டிக்கொள்ளுங்கள். நாம் மாட்டாமல் பிள்ளையிடம் சொன்னால் எடுபடாது. நிகழ்ச்சி முடிந்தபின் காதுக்குள் ‘கொய்ங்’ என்று ஓர் ஒலி கேட்டால் அதைப் பெருமையாகச் சொல்லும் பழக்கம் பிள்ளைகளிடம் இருக்கிறது. ‘காது அடிபட்டுக் கத்துகிறது’ என்று அப்போதே சொல்லிவிடுங்கள். அந்த ஒலி போகாமலேயே தங்கிவிடுவதும் உண்டு.

சரி, நெரிசல். தடுக்காதீர்கள், சொல்லிக்கொடுங்கள். ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஆடும் மோஷ் பிட் என்னும் அந்த ஆட்டம் பார்க்கப் பயமாக இருந்தாலும், ஒருவன் விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் நின்று தூக்கிவிடுவதுதான் அங்கே எழுதாத சட்டம். அபாயம் வேறிடத்தில் இருக்கிறது: ஆட இடமே இல்லாத கூட்டம். 2000-இல் டென்மார்க்கின் ராஸ்கில்டே விழாவில் ‘பேர்ல் ஜாம்’ என்னும் ராக் குழு பாடிக்கொண்டிருந்தபோது 9 இளைஞர்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து பேருக்கு மேல் சேர்ந்தால் நம் காலும் உடம்பும் நம் வசத்தில் இருக்காது. கையைத் தன் இஷ்டத்துக்கு உயர்த்த முடியவில்லை என்றால் அது முதல் எச்சரிக்கை, உடனே வெளியேற வேண்டும். முன்னங்கைகளை மார்புக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் பிடித்து, தள்ளுவிசைக்கு எதிராக முட்டாமல், அது ஓயும்போது சாய்வாக ஓரத்துக்கு நகர வேண்டும். கீழே விழுந்த போனை எடுக்கக் குனியவே கூடாது. மகனிடம் இதை இரண்டு முறை சொல்லுங்கள்.

எங்கே நிற்பது என்று கேட்டிருந்தீர்கள். மேடைக்கு எதிரே, கூட்டத்தின் நடுவில், ஒலிப்பொறியாளர் தன் கருவிகளோடு இருக்கும் தடுப்பு ஒன்று இருக்கும். அதை ஒட்டி நில்லுங்கள். அவர் காதுக்கு எப்படி ஒலிக்கிறதோ அதை வைத்துத்தான் மொத்த ஒலியையும் சமன் செய்கிறார், அதனால் திடலிலேயே பாட்டு ஒழுங்காகக் கேட்பது அங்கேதான். பிள்ளைகளுக்கும் அடையாளம் எளிது. அவ்வளவு பேர் கூடும் இடத்தில் போன் இணைப்பு நம்ப முடியாது. ‘ஒவ்வொரு குழுவும் பாடி முடித்ததும் இந்தத் தடுப்பின் வலது மூலை’ என்று பேசி வையுங்கள்.

இரைச்சலா இசையா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. 1969-இல் அமெரிக்காவில் நடந்த வுட்ஸ்டாக் ராக் இசை விழாவுக்குத் தன் பால்பண்ணை நிலத்தைக் கொடுத்தவர் மேக்ஸ் யாஸ்கர், அப்போது அவருக்கு 49 வயது, அரசியலில் பழமைவாதி. அந்த இளைஞர்களின் கொள்கைகள் பலவும் அவருக்கு ஒத்துவராது. ஆனாலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று அக்கம்பக்கத்தாரோடு வாதாடினார், மேடையேறி அந்தப் பிள்ளைகளைப் பாராட்டிப் பேசினார். உங்களைவிட இரண்டே வயது மூத்தவர்.

நான் என் மகளோடு போனபோது அந்தத் தடுப்பை ஒட்டித்தான் நின்றேன். இரவு பத்து மணி இருக்கும். ஒரு பாட்டில் எல்லாக் கருவியும் நின்று, பாடகி ஒருத்தி மட்டும் ஏறக்குறைய முணுமுணுப்பாகப் பாடினாள். அத்தனை ஆயிரம் பேரும் மூச்சு விடாமல் நின்றார்கள். மகள் எப்போது பக்கத்தில் வந்தாள் என்று தெரியவில்லை. தன் காதிலிருந்து அடைப்பானை எடுத்தாள், என் காதிலிருந்தும் ஒன்றை உருவினாள், காதோரம் குனிந்து ‘தாத்தாவுக்கு இது கேட்டிருக்குமாப்பா?’ என்றாள். அந்தக் குரல் எனக்கு ஓர் எழுத்து விடாமல் கேட்டது.

அப்புறம், உடை. எது வேண்டுமானாலும் உடுத்துங்கள், உங்களை யாரும் பார்க்கப்போவதில்லை. விரல்களை மூடும், பழகிய காலணி. மழைக்கு ஒரு மேலங்கி.

அன்புடன்.