பெங்களூரு பால்கனியில் வைத்த பேசில் செடி ஒரு மாதத்துக்கு மேல் நிற்க மாட்டேன் என்கிறதே, ஏன்?

மூன்று செடி வாங்கினேன், மூன்றும் ஒல்லியாக உயர்ந்து, பூ விட்டு, காய்ந்து போயின, தண்ணீர் தவறாமல் ஊற்றுகிறேன், வெயிலும் வருகிறது, எங்கே தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் பால்கனியைப் பார்க்காமலேயே சொல்கிறேன். நீங்கள் செடியை வெட்டவில்லை. சமையலுக்கு வேண்டும்போது கீழே இருக்கும் பெரிய இலையாகப் பார்த்து ஒன்றிரண்டு கிள்ளியிருப்பீர்கள், அதுவும் செடிக்கு வலித்துவிடுமோ என்று பயந்து பயந்து. உச்சியில் கை வைத்திருக்க மாட்டீர்கள். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன். ஐந்து செடி போனது. ஆறாவது செடியை என் மாமியார் மொட்டையடித்தார், அது பிழைத்துக்கொண்டது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் தோட்டக்கலை படித்தவன் இல்லை. ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். ராமமூர்த்தி நகரில் நான்காவது மாடி, கிழக்கு பார்த்த பால்கனி, மொத்தம் ஏழு தொட்டி. "ஏழு தொட்டி வைத்துக்கொண்டு உபதேசமா" என்று கேட்க வருகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். ஏழிலும் இப்போது செடி உயிரோடு இருக்கிறது.

2021-இல் மகள் எங்கேயோ பாஸ்தா சாப்பிட்டுவிட்டு வந்து அதே மாதிரி வேண்டும் என்றாள். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பேசில் தொட்டியோடு இருந்தது, தூக்கிக்கொண்டு வந்தேன். புதர் மாதிரி அடர்த்தியாக, பார்க்கவே ஆசையாக இருந்தது. பத்தே நாளில் தொங்கிவிட்டது. பிடுங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது ஒரு செடியே இல்லை. உள்ளங்கை அகலத் தொட்டியில் பதினைந்து இருபது நாற்று நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. கடையில் கண்ணுக்கு நிறைவாக இருக்க வேண்டும் என்று அப்படி வளர்க்கிறார்கள். அதை வாங்கினால் வந்த அன்றே பிரித்து, இரண்டிரண்டு நாற்றாகத் தனித்தனித் தொட்டியில் வைத்துவிடுங்கள். பத்து அங்குலத் தொட்டி ஒன்றுக்கு இரண்டு செடி தாராளம்.

அடுத்த நான்கும் நர்சரிச் செடிகள். அவற்றைக் கொன்றது என் பக்தி. எங்கள் வீட்டில் துளசியைக் கிள்ளுவதற்கு முன் ஒரு கும்பிடு உண்டு. செவ்வாய், வெள்ளி தொடக் கூடாது, விளக்கு வைத்த பிறகு தொடவே கூடாது. பேசிலும் பார்க்கத் துளசி மாதிரியே இருக்கிறதா, கை தானாக மரியாதை காட்டிவிட்டது. செடி ஒற்றைத் தண்டாக ஒன்றரை அடி உயர்ந்தது, நுனியில் வெள்ளைப் பூ அடுக்கடுக்காக வந்தது, நான் அதைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். பூத்த செடிக்கு அப்புறம் இலையில் அக்கறை கிடையாது. இருக்கிற தெம்பெல்லாம் விதைக்குப் போய்விடும். இலை சிறுத்து, கசந்து, கீழிருந்து மஞ்சளாகி உதிரும்.

2023 வரலட்சுமி விரதம். எங்கள் பக்கம் இந்த விரதம் கிடையாது, பெங்களூர் வந்த பிறகு அக்கம்பக்கம் பார்த்து என் மனைவிக்குத் தொற்றிக்கொண்டது. நிலக்கோட்டையிலிருந்து மாமியார் வந்திருந்தார். நிலக்கோட்டை பூ மார்க்கெட் தெரிந்தவர்களுக்குப் புரியும், பூவைக் கிலோவில் பார்த்தே வளர்ந்தவர். விரதத்துக்கு முந்தின நாள் தெருமுனைப் பூக்காரம்மாவிடம் மல்லிகை முழம் என்ன விலை என்று கேட்டிருக்கிறார். அந்த வாரத்தில் பெங்களூரில் பூ விலை எப்படி ஏறும் என்று உங்களுக்கே தெரியும். கேட்ட விலையைத் தன்னை அவமானப்படுத்தியதாகவே எடுத்துக்கொண்டு, இரண்டே முழம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

சாயந்தரம் நான் ஆபீஸிலிருந்து வந்தேன். பால்கனியில் என் ஆறாவது செடி முழங்காலளவு இருந்தது, இப்போது அரையடிக் குச்சியாக நிற்கிறது. கூடத்தில் மாமியார் வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு கட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு கொத்து மல்லிகை, ஒரு கொத்துப் பச்சை. இரண்டு முழம் ஐந்து முழமாகியிருந்தது. வீடு முழுக்க பேசில் வாசனை.

"அத்தை, அந்தத் தொட்டியில இருந்த செடி..."

"துன்னூத்துப் பச்சிலை தானே மாப்ளே? பூ விட்டு வீணாப் போய்க்கிட்டு இருந்துச்சு. கதம்பத்துக்கு எடுத்துக்கிட்டேன்."

மாமியாரிடம் கத்த முடியுமா? சமையலறைக்குப் போய், "யாரைக் கேட்டு வெட்ட விட்டே?" என்று மனைவியிடம் பல்லைக் கடித்தேன். "எங்க வெட்டுனாங்க, கையாலதான் ஒடிச்சாங்க" என்றாள் அவள். அந்த 90 ரூபாய்ச் செடிக்காக அன்று ராத்திரி நான் சரியாகச் சாப்பிடவில்லை. எழுதவே வெட்கமாகத்தான் இருக்கிறது. மாமியாருக்குக் காதில் விழுந்திருக்கும் போல. காலையில், "கணுவைப் பார்த்துத்தான் ஒடிச்சிருக்கேன், தழைஞ்சிரும், பயப்படாதீங்க" என்றார்.

நான்கைந்து நாள் போயிருக்கும். ஒடித்த இடம் பழுப்பாகக் காய்ந்திருந்தது. அதற்குக் கீழே, இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, கடுகு அளவில் இரண்டு பச்சைப் புள்ளி. மறுநாள் அது இரண்டு குட்டி இலை, கைகூப்பின மாதிரி. மூன்று வாரத்தில் ஒற்றைத் தண்டு இருந்த இடத்தில் ஆறு கிளை. இரண்டு வருடமாக நான் செய்யாத ஒன்றை அவர் பூ விலை மேல் இருந்த கோபத்தில் செய்துவிட்டார்.

சரி, வெட்டும் விதம். பேசில் தண்டை இரண்டு விரலில் உருட்டிப் பாருங்கள், உருளாது, நான்கு பட்டை இருக்கும். புதினா, துளசிக்கும் அப்படித்தான், மூன்றும் ஒரே குடும்பம். ஒவ்வொரு கணுவிலும் இலை எதிரெதிராக ஜோடியாக வரும், அந்த ஜோடிக்கு நடுவில்தான் மொட்டு தூங்கிக்கொண்டிருக்கும். உச்சிக் குருத்து இருக்கிற வரை அது எழுந்திருக்காது. செடி நான்கு ஜோடி இலை விட்டதும், கீழிருந்து இரண்டாவது ஜோடிக்கு மேலே கால் அங்குலம் விட்டு வெட்டிவிடுங்கள். ஒன்று இரண்டாகும். அந்த இரண்டும் இரண்டிரண்டு ஜோடி விட்டதும் மறுபடி வெட்டுங்கள், நான்காகும். முதல் வெட்டுக்குப் பிறகு, ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. மாமியார் முக்கால்வாசி எடுத்தார், பிழைத்தது, ஆனால் அது ஆகஸ்ட் மாத மிதமான வெயில். டிசம்பர், ஜனவரியில் இங்கே ராத்திரி 15 டிகிரிக்கு வரும்போது இந்தச் செடி சோம்பிப் போய் நிற்கும், அப்போது கைவரிசை காட்ட வேண்டாம். கீழே இருக்கும் பெரிய இலைகளை விட்டுவிடுங்கள், செடிக்குச் சோறு போடுவது அவைதான். பூ மொட்டு தெரிந்த அன்றே கிள்ளுங்கள்.

வெட்டின தண்டைத் தூக்கிப் போடாதீர்கள். நான்கு அங்குலத் துண்டு, கீழ் இலைகளை எடுத்துவிட்டு டம்ளர் தண்ணீரில் வைத்தால் பத்து நாளுக்குள் வெள்ளை வேர் வரும். இதைச் செய்துகொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் பேசில் வருடக்கணக்கில் நிற்கும் ஜாதி இல்லை. நான்கைந்து மாதத்தில் அடித்தண்டு கட்டையாகிவிடும். செத்தால் உங்கள் கை ராசி இல்லை என்று நினைக்காதீர்கள், வாரிசு தயாராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மண்: இங்கத்துச் செம்மண் மட்டும் போட்டால் வெயிலில் செங்கல்லாகிவிடும். செம்மண், தென்னை நார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றும் சமமாகக் கலந்து வைத்திருக்கிறேன். தண்ணீர் காலையில், வேருக்கு, இலை மேல் படாமல். மழைக் காலத்தில் இலையின் மேல்பக்கம் மஞ்சள் திட்டாகி அடியில் சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் அது பூஞ்சை, அந்தக் கிளையை எடுத்துக் குப்பையில் போடுங்கள், தொட்டியிலேயே போட்டு வைக்காதீர்கள்.

மாமியார் சொன்ன பெயருக்கு வருகிறேன். துன்னூத்துப் பச்சிலை என்றால் திருநீற்றுப் பச்சிலை, அவர் சொன்னது தப்பில்லை. திருநீற்றுப் பச்சிலையும் பேசிலும் ஒரே இனம்தான், தாவரவியல் பெயர் ஓசிமம் பேசிலிகம். கன்னடத்தில் காமகஸ்தூரி என்பார்கள். ஃபலூடாவில் போடும் சப்ஜா விதை இதன் விதையே. துளசி வேறு இனம். "பேசில் என்றால் துளசி, அதை வெட்டிச் சமைப்பது பாவம்" என்று கருத்து எழுத வருகிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். தாய்லாந்தில் துளசியையே மிளகாய், பூண்டு, இறைச்சியோடு வதக்கிச் சோற்றோடு சாப்பிடுகிறார்கள், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இனம் ஒன்று என்றதும் எனக்குக் கணக்குப் புத்தி வந்துவிட்டது. 90 ரூபாய்க்கு எதற்கு நாற்று, மளிகைக் கடை சப்ஜா ஒரு பிடி போதுமே என்று தூவினேன். ஒரே வாரத்தில் முளைத்தது, அமோகமாக வளர்ந்தது. இலைதான் சின்னது, முகர்ந்தால் சோம்பு வாடை. நம் ஊர் ரகங்களில் அந்த வாசனை தூக்கல், இத்தாலிய ரகத்தில் அது அடங்கிக் கிராம்பு சாயல் வரும். அதில் பாஸ்தாவுக்குப் போடும் பெஸ்டோத் துவையல் அரைத்துக் கொடுத்தேன். மகள் ஒரு வாய் வைத்துவிட்டு, "அப்பா, இது பீடா மாதிரி இருக்கு" என்றாள். கதம்பத்துக்குச் சப்ஜா, பாஸ்தாவுக்கு இத்தாலிய ரகம், நர்சரியில் ஜெனோவீஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர் பற்றி இன்னொன்று. 2024 மார்ச்சில் இங்கே போர்வெல் பலவும் வற்றி, குடிநீரைக் கார் கழுவவும் தோட்டத்துக்கும் ஊற்றக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும். நியாயமான உத்தரவு, நான் குறை சொல்லவில்லை. நான் அரிசி கழுவின தண்ணீரைத்தான் ஊற்றினேன். (ஆர்.ஓ. மிஷின் வெளியே தள்ளும் தண்ணீரையும் ஊற்றிப் பார்த்தேன். மண் மேல் வெள்ளையாக உப்புப் படிந்து இலை ஓரம் கருகியது, வேண்டாம்.) எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் என்ன செய்தார் தெரியுமா? என் தொட்டியிலிருந்து கீழே சொட்டுகிற நான்கு சொட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். "நான்காவது மாடி நண்பர் கவனிக்கவும்." அந்த நண்பர் நான்தான். அதே மாதம் அதே கட்டடத்து மொட்டைமாடித் தொட்டி தினமும் காலையில் பத்து நிமிடம் நிரம்பி வழியும், மோட்டாரை நிறுத்த ஆள் கிடையாது. அந்தப் படத்தை நான் குழுவில் போட்டேன், ஒருவரும் பதில் சொல்லவில்லை. பார்க்கிங் கதையை ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது, விடுங்கள்.

பயன்படுத்துவது பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும். பறித்த இலையை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், குளிர் தாங்காமல் கறுத்துப் போகும். பூங்கொத்து மாதிரி டம்ளரில் தண்ணீர் ஊற்றி மேடையில் வையுங்கள். அடுப்பை அணைத்த பிறகு கிள்ளிப் போடுங்கள், கொதிக்க விட்டால் வாசனை ஆவியாகிவிடும். பெஸ்டோ என்பது இத்தாலிக்காரர்களின் இடித்த துவையல், அங்கே ஜெனோவா நகரத்தில் சலவைக்கல் உரலில் இடிப்பார்கள். நான் மிக்ஸி ஜாரைக் குளிர வைத்து, விட்டு விட்டு ஓட்டுகிறேன், ஜார் சூடானால் பச்சை கறுக்கும். பைன் கொட்டைக்குப் பதில் முந்திரி. மாமியார் தோசைக்குத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, "புளி போட மறந்துட்டீங்க மாப்ளே" என்றார்.

போன மாதம் செயலாளரின் மனைவி வந்தார். பால்கனியில் பார்த்தேன், நன்றாக இருக்கிறதே, இரண்டு தண்டு கொடுங்கள், பெஸ்டோ செய்ய வேண்டும் என்றார். சமையலறை ஜன்னலில் இரண்டு டம்ளர் இருந்தது, இரண்டிலும் வேர் விட்டிருந்தது. ஒன்று ஜெனோவீஸ், ஒன்று சப்ஜா.

சப்ஜாவைக் கொடுத்தேன். செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார், இன்னும் சொல்லவில்லை.