ஒரு மருந்து இன்னொன்றை உடம்பை விட்டுப் போகவிடாமல் செய்யுமா?

செய்யும். கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறவருக்கு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதினால், அது முடியும்வரை கொழுப்பு மாத்திரையை ஏன் நிறுத்தச் சொல்கிறார்கள் என்று கேட்டீர்களே, காரணம் இதுதான். சிம்வாஸ்டாட்டினைச் சிதைப்பது கல்லீரலிலும் குடல் சுவரிலும் உள்ள சிஒய்பி3ஏ4 என்ற நொதி. கிளாரித்ரோமைசின் அதை ஒட்டிப்பிடித்து முடக்கிவிடுவதால், அதே பழைய டோஸ்தான் என்றாலும் ரத்தத்தில் அளவு பல மடங்கு ஏறி, தசை வலி, சிறுநீர் கறுப்பது, முற்றினால் சிறுநீரகமே பழுதாவது வரை போகலாம். முடங்கிய நொதிக்குப் பதில் உடம்பு புதிதாகச் செய்தாக வேண்டும், அதற்குச் சில நாட்கள் பிடிக்கும்.

எல்லாம் கல்லீரல் விவகாரமும் இல்லை. கவுட் என்ற மூட்டுவலிக்குத் தரும் புரோபெனெசிட், சிறுநீரகம் பென்சிலினை வெளியேற்றும் வழியையே அடைக்கும், அப்புறம் ஒரு மருந்து இன்னொன்றைப் போகவிடாமல் செய்வதை வேண்டுமென்றே பயன்படுத்துவதும் உண்டு: கோவிட் மருந்தான நிர்மாட்ரெல்விரோடு ரிட்டோனாவிர் என்ற இன்னொரு மருந்தைச் சேர்ப்பது நிர்மாட்ரெல்விர் சீக்கிரம் சிதையாமல் இருக்கத்தான்.