ஸ்பைடர் பந்து மலைப்பாம்பை இனப்பெருக்கம் செய்வதில் என்ன தவறு?

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஸ்பைடர் வகை பந்து மலைப்பாம்புகளுக்குப் பிறவியிலேயே தலையாட்டம் இருக்கிறது என்கிறார்கள். ஆனால் அவை இரை எடுக்கின்றன, முட்டையிடுகின்றன, பல ஆண்டுகள் வாழ்கின்றன. அப்படியிருக்க அவற்றை இனப்பெருக்கம் செய்வதில் என்ன தவறு?"

தவறு இருக்கிறது என்பதே என் உறுதியான கருத்து. இங்கிலாந்தில் ஊர்வனவற்றுக்கும் சிகிச்சையளிக்கும் ஒரு கால்நடை மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்க்கிறேன்; வீட்டிலும் பந்து மலைப்பாம்பு வளர்க்கிறேன். பாம்பு வளர்ப்பதையே எதிர்ப்பவர் எழுதும் பதிலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பந்து மலைப்பாம்பு கானா, டோகோ, பெனின் முதலிய ஆப்பிரிக்க நாடுகளின் புல்வெளிகளிலும் வயலோரங்களிலும் வாழ்வது. அச்சம் வந்தால் தலையை நடுவில் மறைத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். சாதுவானது, பெரும்பாலும் நான்கைந்து அடிக்குள்ளேயே வளர்ச்சி நின்றுவிடுவது என்பதால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மிகப் பரவலாக வளர்க்கப்படுகிறது. நிறத்திலோ கோலத்திலோ மாறுபட்டுப் பிறப்பவற்றை மார்ஃப் என்கிறார்கள். 1999ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு இறக்குமதியான ஒரு பாம்பிலிருந்து தொடங்கியது ஸ்பைடர் மார்ஃப். அகன்ற கரும்பட்டைகள் இருக்க வேண்டிய உடலில், மஞ்சள் கலந்த பழுப்பின் மேல் சிலந்தி நூலாக மெல்லிய கருங்கோடுகள் ஓடும். அழகுதான், அதை நான் மறுக்கவில்லை. இந்த மரபணு ஓங்கு மரபணு. தாய் தந்தையரில் ஒன்றுக்கு இருந்தாலே ஏறக்குறைய பாதிக் குட்டிகள் ஸ்பைடராகப் பிறக்கும். பேஸ்டல் மார்ஃபோடு சேர்ந்தால் அதற்குப் பெயர் பம்பிள்பீ. இப்படி வேறு பெயரில் விற்கப்படும் எத்தனையோ கலப்புகளுக்குள்ளும் இதே மரபணு இருக்கிறது.

அந்தக் கோலத்தோடு சேர்ந்தே வருவதுதான் வளர்ப்பவர்கள் வாபிள் என்று சொல்லும் கோளாறு. பாம்பு சுருண்டு ஓய்ந்திருக்கும்போது பெரும்பாலும் எதுவும் தெரியாது. இரையின் வாசனை பட்டதும் தலை இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். பிறகு கழுத்து திருகிக்கொண்டு, கீழ்த்தாடை கூரையைப் பார்க்கும்படி தலை கவிழும். எலியை நோக்கிப் பாயும்போது அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி வெறுங்காற்றைக் கவ்வும். மறுபடி பாய்ந்து பெட்டியின் கண்ணாடியில் மூக்கை மோதிக்கொள்ளும். மருத்துவமனையில் நாங்கள் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. பாம்பை மெதுவாக மல்லாத்தி வைத்தால், நலமாக இருக்கும் பாம்பு தலையில் தொடங்கி உடல் முழுவதையும் உடனே புரட்டிக்கொள்ளும். கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஸ்பைடரோ மேல் எது கீழ் எது என்று பிடிபடாமல், உடலை முறுக்கி முறுக்கிப் பார்த்துவிட்டு, வெளிறிய வயிறு மேலே தெரிய அப்படியே கிடந்துவிடும். இதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் எவரும் இதை அந்த மார்ஃபின் சுபாவம் என்று லேசாகச் சொல்லிவிட முடியாது என்று நம்புகிறேன்.

இது எதனால் என்பது இப்போது பெருமளவு தெளிவாகிவிட்டது. 2022இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஸ்பைடர் பாம்புகளின் உள்காதை மைக்ரோ சி.டி. படங்களாக எடுத்து, சாதாரணப் பந்து மலைப்பாம்புகளின் உள்காதோடு ஒப்பிட்டு, பிளாஸ் ஒன் என்ற அறிவியல் இதழில் வெளியிட்டார்கள். உடலின் சமநிலையை உணரும் அரைவட்டக் குழல்கள் உருக்குலைந்திருந்தன. சேக்குலஸ் என்ற சிறு பையும் சிதைந்து சிறுத்திருந்தது. ஆகவே பாம்புக்குப் பயிற்சியோ, நல்ல வெப்பநிலையோ, ஊட்டமான இரையோ கொடுத்து இதைச் சரிசெய்ய வழியில்லை. எலும்புக்குள் இருக்கும் உறுப்பே அப்படித்தான் உருவாகியிருக்கிறது. நிறமும் காதும் இப்படிப் பிணைந்திருப்பது விலங்கு மருத்துவத்துக்குப் புதிய செய்தியும் அல்ல. நீலக்கண் உள்ள வெள்ளைப் பூனைகளில் பல செவிடாக இருப்பதும், மெர்ல் என்ற திட்டுத்திட்டான நிறத்துக்கான மரபணுவை இரு பக்கமிருந்தும் பெற்ற நாய்களுக்குக் கேட்கும் திறன் குறைவதும் நெடுங்காலமாகத் தெரிந்தவை. கருவில் நிறமிச் செல்கள் எவற்றிலிருந்து உருவாகின்றனவோ அந்த நரம்பு முகட்டுச் செல்களுக்குக் காதின் வளர்ச்சியிலும் பங்கு உண்டு. கோலத்தை வைத்துக்கொண்டு தலையாட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து நீக்கிவிடலாம் என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பலர் முயன்றும் அது நடக்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஆட்டம் அதிகம் தெரியாத பெற்றோருக்குத் தலை நிமிர்த்தவே முடியாத குட்டி பிறப்பதை வளர்ப்பவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். "சாப்பிடுகிறது, முட்டையிடுகிறது, எனவே நலமாக இருக்கிறது" என்பது நாங்கள் அன்றாடம் கேட்கும் வாதம். பாம்புக்கு முகபாவம் கிடையாது, அது கத்துவதும் இல்லை. துன்பத்தைக் காட்ட அதனிடம் இருக்கும் வழிகள் மிகக் குறைவு. இரை எடுக்காத பாம்பு நலமாக இல்லை என்று ஓரளவு சொல்லலாம்; இரை எடுக்கிறது என்பதாலேயே அது நலமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. தன் உடல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற உணர்வு ஒரு விலங்குக்கு நொடிக்கு நொடி தேவைப்படுவது. பந்து மலைப்பாம்பு சரியாகப் பராமரிக்கப்பட்டால் 20, 30 ஆண்டுகள் வாழும். அத்தனை ஆண்டுகளும் அந்த உணர்வு குழம்பியே இருக்கப்போகிறது என்று தெரிந்தே ஒரு முட்டையை உருவாக்குகிறோம். வலி இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. வலி மட்டுமே துன்பம் என்பதை ஏற்கவும் மாட்டேன்.

இதற்கு வரும் மறுமொழிகளில் ஒன்று, இது தரையிலும் வளைகளிலும் வாழும் பாம்பு, இதற்குச் சமநிலை அவ்வளவு முக்கியமில்லை என்பது. மேற்கு ஆப்பிரிக்காவில் காட்டுப் பாம்புகளின் இரையை ஆராய்ந்தவர்கள், சிறிய ஆண் பாம்புகள் பெரும்பாலும் பறவைகளைத் தின்பதையும் மரங்களில் ஏறுவதையும் பதிவு செய்திருக்கிறார்கள். குறுகிய பிளாஸ்டிக் பெட்டியில் வைத்திருப்பதால்தான் நம் பாம்பு ஏறுவதில்லை. நாம் குறுக்கிக் கொடுத்த வாழ்க்கையையே அதன் தேவையின் அளவுகோலாக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இன்னொரு வாதத்தை நான் மதிக்கிறேன், ஏனெனில் அது கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. ஸ்பைடரை இணை சேர்க்காவிட்டால் அந்தக் குறிப்பிட்ட குட்டி பிறந்தே இருக்காது. குறையோடு வாழ்வது வாழாமலே இருப்பதைவிட மேல் அல்லவா என்கிறார்கள். ஆனால் பிறக்காத குட்டிக்கு யாரும் தீங்கு செய்துவிடவில்லை. இழப்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை. தவிர, பெண் பாம்பு ஓர் ஈட்டுக்குப் பெரும்பாலும் 4 முதல் 8 முட்டைகள் இடும். ஸ்பைடர் ஆணோடு சேர்க்கவிருந்த அதே பெண்ணை அதே பருவத்தில் ஸ்பைடர் அல்லாத ஓர் ஆணோடு சேர்த்தாலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் முட்டைகள் வரும், எல்லாக் குட்டிகளுக்கும் உள்காது ஒழுங்காக இருக்கும். வளர்ப்பவரின் முன்னால் உண்மையில் இருக்கும் தேர்வு இந்த இரண்டு ஈடுகளுக்கு இடையில்தான். அதில் ஸ்பைடர் ஈட்டைத் தேர்ந்தெடுக்க மெல்லிய கருங்கோடுகளைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதில் என்னை மிகவும் வருத்துவது, நிறுத்துவது இவ்வளவு எளிதாக இருந்தும் நிறுத்தாமல் இருப்பது. இரு பக்கமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் ஒடுங்கு மரபணுவால் வரும் நோய் என்றால், வெளியே எதுவும் தெரியாத பெற்றோரிடம் அது தலைமுறை தலைமுறையாக ஒளிந்திருக்கும்; நாய் வளர்ப்பவர்கள் அத்தகைய நோய்களோடு பல ஆண்டுகள் போராடுகிறார்கள். ஸ்பைடர் ஓங்கு மரபணு என்பதால், அதே ஈட்டில் பிறந்த சாதாரணக் குட்டியிடம் அது இருக்கவே இருக்காது. முழு வெள்ளை மார்ஃப்களில் கோலம் மறைந்துவிடும் என்பது உண்மை, ஆனால் உரித்த சட்டையைக் கொண்டே மரபணுச் சோதனை செய்யும் ஆய்வகங்கள் இப்போது உண்டு. வளர்ப்பவர்கள் அனைவரும் ஒரே ஆண்டில் கைவிட்டால், எந்தப் பாம்பையும் கொல்லாமல், அந்த ஒரு தலைமுறையோடு இந்தக் கோளாறு முடிந்துவிடும்.

எல்லா மார்ஃப்களும் தீங்கானவை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அல்பினோவும் பைபால்டும் இத்தகைய சமநிலைக் கோளாறைக் கொண்டுவருவதில்லை. ஷாம்பெயின், வோமா ஆகிய மார்ஃப்களில் இதே ஆட்டம் உண்டு. சின்னமன் மார்ஃபின் மரபணுவை இரு பக்கமிருந்தும் பெற்றவற்றுக்கு வாத்து போன்ற மூக்கும் முதுகெலும்பு வளைவும் வருகின்றன. ஆஸ்திரேலிய இனமான கார்ப்பெட் மலைப்பாம்பின் ஜாகுவார் மார்ஃபிலும் நரம்புக் கோளாறு உண்டு. இரண்டு ஜாகுவார்களைச் சேர்த்தால் வெள்ளையாக உருவாகும் குட்டிகள் பிழைப்பதில்லை. பாம்பல்லாத ஓர் உதாரணத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். சிறுத்தைப் பல்லியில் லெமன் ஃப்ராஸ்ட் என்ற மார்ஃப் பெரும் விலைக்கு விற்றது. அவற்றில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றுக்கு வெண்ணிறமிச் செல்களிலிருந்து தோல் கட்டிகள் வந்தன. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாக ஆய்வாளர்கள், கட்டிகளை அடக்கும் ஸ்பின்ட்1 மரபணுவோடு இதற்குள்ள தொடர்பை 2021இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, அந்த மார்ஃபை முன்னின்று பெருக்கிய வளர்ப்பாளர், கட்டிகளைக் கண்டதும் தாமாகவே இனப்பெருக்கத்தை நிறுத்தி, ஆய்வுக்கும் துணை நின்றார். பணம் போட்ட ஒருவரால் அப்படிச் செய்ய முடிந்திருக்கிறது. அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

சட்டம் இதில் பின்தங்கியே இருக்கிறது. ஜெர்மனியின் விலங்கு நலச் சட்டம் 11பி பிரிவில், வாரிசுகளுக்குத் துன்பம் தரும் இனப்பெருக்கத்தையே பொதுவாகத் தடை செய்கிறது. இங்கிலாந்தில் 2018ஆம் ஆண்டு உரிம விதிகள், தன் மரபணு அமைப்பாலோ உடலமைப்பாலோ தனக்கோ குட்டிகளுக்கோ கேடு வரும் என்று நியாயமாக எதிர்பார்க்கத்தக்க நாயை இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கக் கூடாது என்கின்றன. பாம்புக்கு அப்படி ஒரு வரி இல்லை. அதே ஆண்டு பிரிட்டனின் இன்டர்நேஷனல் ஹெர்பெட்டாலஜிக்கல் சொசைட்டி தன் கண்காட்சிகளில் ஸ்பைடர் விற்பனையைத் தடை செய்தது. வளர்ப்பவர்களின் சங்கமே எடுத்த முடிவு என்பதால் அதை முக்கியமானதாகக் கருதுகிறேன். இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த பெட்டிகளில் பந்து மலைப்பாம்புகள் பிடிபட்ட செய்திகள் பலமுறை வந்துள்ளன. 2022இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சைட்டிஸ் எனும் பன்னாட்டு வன உயிரின வணிக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இத்தகைய வெளிநாட்டு உயிரினத்தை வைத்திருப்பதையும் அது ஈனும் குட்டிகளையும் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு உடைமையைத்தான் கேட்கிறது, உள்காதைக் கேட்பதில்லை. அந்தப் பொறுப்பு வாங்குபவரிடமே இருக்கிறது. வாங்குமுன் பாம்பு இரை எடுப்பதை நேரில் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வந்துவிடுங்கள்.

உங்களிடம் ஏற்கெனவே ஒரு ஸ்பைடர் இருந்தால் அதை வெறுக்கவோ கைவிடவோ வேண்டியதில்லை. அதன் பிறப்புக்கு அது பொறுப்பல்ல. கிளைகளைத் தாழ்வாக வையுங்கள், தண்ணீர்க் கிண்ணம் ஆழமில்லாததாக இருக்கட்டும், ஒளிந்துகொள்ள நெருக்கமான மறைவிடம் கொடுங்கள், உடல் முழுவதையும் தாங்கியே தூக்குங்கள். உறைநீக்கிய எலியை நீண்ட இடுக்கியால் வாயருகே அசையாமல் பிடித்தால் பாய்ந்து தவறவிடுவது குறையும். தலை கவிழ்ந்து இரை எடுக்கவே முடியாத நிலை வந்தால் ஊர்வன மருத்துவம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். இணை மட்டும் சேர்க்காதீர்கள். அதனால் அதற்கு எந்தக் குறையும் வராது.