வளைவுக் கூரை ஒழுகுமா?

கேள்வி: 10 அடி அகலத்தில் பக்கம் பக்கமாக மூன்று அறைகள் கட்டுகிறோம். கான்கிரீட் தளம் வேண்டாம், செங்கல் வளைவுக் கூரைதான் என்று முடிவு செய்துவிட்டோம். கெமிக்கல் எதுவும் பூசாமல் சுண்ணாம்பிலேயே மழையைத் தடுக்க முடியுமா? ஐப்பசி மழைக்கு நிச்சயம் ஒழுகும் என்கிறார் கொத்தனார்.
- ஒரு வாசகி, செஞ்சி

பதில்: தாராளமாக முடியும். உங்கள் ஊர்க் கோட்டையின் நெற்களஞ்சியமே வளைவுக் கூரைதானே! கொத்தனாரை ஒருமுறை அங்கே கூட்டிப்போய், உள்ளே நின்று அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பூச்சுக்கு முன்னால் வளைவைக் கவனியுங்கள். இந்தக் கூரைகள் ஒழுகுவது பெரும்பாலும் சுவர் விலகி விரிசல் விடுவதால்தான். வளைவு, சுவரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதன் எழுச்சியை, அதாவது நடு உயரத்தை, பாதியாகக் குறைத்தால் தள்ளல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதனால் தட்டையாகப் போடவே கூடாது. நடுவில் 3 அடியாவது எழும்பட்டும். இரண்டு ஆணியில் ஒரு சங்கிலியைத் தொங்கவிட்டு, அந்தத் தொங்கலைச் சுவரில் வரைந்து தலைகீழாக்குங்கள், அதுதான் வடிவம். நடுச் சுவர்களில் இரு பக்கத்து வளைவுகளும் தள்ளலை ஒன்றுக்கொன்று வாங்கிக்கொள்ளும். இரு ஓரச் சுவர்களுக்கு மட்டும் முட்டுச்சுவரோ இழுகம்பியோ கட்டாயம் வேண்டும். இதை ஒரு பொறியாளர் கணக்குப் போட்டுத் தரட்டும்.

சரி, இப்போது தண்ணீர். இரண்டு வளைவுக்கு நடுவே உள்ள பள்ளம்தான் ஆபத்தான இடம். அங்கே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, 4 அடிக்கு 1 அங்குலம் வாட்டம் கொடுத்து, மரக்கட்டையால் அடிக்க வேண்டும். அடிக்க அடிக்க, கடுக்காய் ஊறவைத்த நீரில் வெல்லம் கரைத்துத் தெளித்துக்கொண்டே வரவேண்டும். மரவிட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிப் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் தளங்களை இப்படித்தான் இறுக்கினார்கள். முதலில் கட்டை ‘சொத் சொத்’தென்று பதியும். தளம் இறுகியதும் கட்டை மேலே எகிறும், தடம் விழாது. அதுவரை ஆட்களை இறங்கவிடாதீர்கள். நாள் கணக்கில் ஆகும், கூலியும் கூடும். இதில் மிச்சம் பிடிக்கவே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

வளைவின் முதுகில் சுண்ணாம்புச் சாந்தை மெல்லிய படைகளாக ஏற்றிக் கரணையால் அழுத்தித் தேயுங்கள். நன்றாகக் காய்ந்தபின், சூடான சோப்பு நீரை ஒரு கை, அது ஊறியதும் படிகார நீரை ஒரு கை என்று மாற்றி மாற்றி அடியுங்கள். இரண்டும் சேர்ந்து, நீரில் கரையாத மெழுகு மாதிரிப் படிந்து துளைகளை அடைக்கும். மெக்சிகோவில் செங்கல் வளைவுகளுக்கு இந்த வைத்தியம் உண்டு. சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: எந்த மாதம் ஆரம்பிக்கலாம்?

பதில்: தை பிறந்ததும். சுண்ணாம்பு காற்றை வாங்கி மெதுவாகத்தான் கல்லாகும், ஐப்பசிக்குள் அதற்கு அவகாசம் வேண்டும். வெயில் ஏறினால் ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள்.